பாத்ரூமுக்குள் ஒரு ஜெனரேட்டர்

போன கிழமை ஒரு மாலை, கரண்ட் போய் இரண்டு மணித்தியாலம் கழித்து மேல்மாடிக்குப் போனேன். ஒரு மெழுகுதிரி இரவல் கேட்க.

மேல்மாடியில் ராசநாயகம் அண்ணையும் மனைவி பவளம் அக்காவும் மகளும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு இருப்பவர்கள். மகள் அபிக்கு ஏ.எல். சோதனை நெருங்குகிறது. மின்வெட்டில் பிள்ளையின் படிப்புக் கெடக்கூடாது என்று அண்ணை புறக்கோட்டையில் ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கியிருந்தார்.

நெற்றியைப் பிடித்தபடி கதவைத் திறந்தார்.

"என்ன அண்ணை, சுகமில்லையோ?"

"தலையிடி தம்பி. பவளத்துக்கும் தலையிடி, வயித்தைப் பிரட்டிச் சத்தி வேற. பிள்ளைக்கும்தான். ஏதோ வைரஸாக்கும்."

"காய்ச்சல் இருக்கோ?"

"அதுதான் இல்லை."

"ஜெனரேட்டர் சத்தம் கேக்குது. எங்க வச்சிருக்கிறியள்?"

பெருமையோடு கை காட்டினார். பாத்ரூமுக்குள்! யன்னலைச் சாத்தி, கதவடியில் துவாயும் திணித்து...

ஏன் உள்ளே? வயர் தொங்குகிற ஒரு பெட்டி, பெற்றோல் மணம், தமிழ் வீட்டு வாசல், அதுவும் யுத்த காலம். குண்டு என்று யாராவது பொலிஸுக்கு போன் எடுத்தால்? போன மாதம் யாரோ மறந்துவிட்டுப் போன சோற்றுக் கரியர் ஒன்று எங்கள் வீதி முழுவதையும் காலி பண்ண வைத்தது. ஆகவே அண்ணையின் கணக்கில் வீட்டுக்குள் வைப்பதுதான் பாதுகாப்பு. நீங்களும் நானும் வேறு என்ன செய்திருப்போம்?

"புகையும் இல்லை, மணமும் இல்லை தம்பி" என்றார்.

எனக்கு ஏதோ சந்தேகம்; கீழே பார்த்து மனைவியைக் கூப்பிட்டேன். அவள் ஹெவ்லொக் டவுன் பள்ளிக்கூடமொன்றில் கெமிஸ்ட்ரி ரீச்சர். அபியும் அவளுடைய மாணவி. படியேறி வந்தவள் வாசலிலேயே கத்தினாள்.

"எல்லாரும் வெளியில! மெஷின் கிடக்கட்டும், முதல்ல ஆக்கள்!"

பாத்ரூமுக்குப் பக்கத்து அறையில், மேசையில் தலை சாய்த்துக் கிடந்தாள் அபி. கூப்பிட்டோம். பதில் இல்லை. பவளம் அக்காவின் அழுகையைக் கேட்டுக்கொண்டே நானும் அண்ணையும் பிள்ளையைத் தூக்கி இறங்கினோம். கீழ்வீட்டுச் சிங்களப் பெண்மணி சோமா நோனா அதற்குள் ஒரு த்ரீவீலரை மறித்திருந்தார். தானும் ஏறிக்கொண்டார் — செக்பொயின்ற்றில் சிங்களத்தில் கதைக்க ஒரு ஆள் வேண்டுமே.

ஆஸ்பத்திரியில் மூவருக்கும் ஒக்சிஜன்.

அடுத்த நாள் காலை அபி எழுந்து உட்கார்ந்தாள். கேட்ட முதல் கேள்வி: "என்ர கெமிஸ்ட்ரி நோட்ஸ் எங்க?"

"விஷயமே அந்த நோட்ஸிலதானடி இருக்கு!" என்றாள் என் மனைவி. "மெஷின் கக்கிற காபன் மொனொக்சைட் நஞ்சுக்கு நிறமில்லை, மணமில்லை எண்டு நான்தானே படிப்பிச்சனான். பாடமாக்கிப்போட்டு அதுக்குள்ளேயே இருந்து படிச்சிருக்கிறாய்!"

அபி சிரித்தாள். அண்ணை அழுதார். வென்றுவிட்டோம் என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

மிச்ச வெற்றி சோமா நோனாவுடையது. ஜெனரேட்டர் இப்போது பின்வளவில், எந்த யன்னலுக்கும் எட்டாத மதிலோரம், ஒரு தகரக் கூரைக்குக் கீழே. முதல் நாளே சத்தம் கேட்டு பொலிஸ்காரர் இருவர் வந்தார்கள். அண்ணை கதவடிக்குப் பின்வாங்கினார். சோமா நோனா இடுப்பில் கை வைத்து முன்னால் போய் நின்றார்.

"மஹத்தயா, போம்ப நெவெய்! ளமயாட்ட பாடம் கரண்ட லைட்!"

குண்டில்லை ஐயா, பிள்ளை படிக்க லைட். பொலிஸ்காரர்கள் மெஷினைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் விலை கேட்டார். போய்விட்டார்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாகத் தலையிடிக்கிறதா? காய்ச்சல் இல்லையா? வைரஸைத் தேடாதீர்கள். வெளியே வாருங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெற்றோல் மெஷினுக்கும் கரி அடுப்புக்கும் வீட்டுக்குள் இடமே கிடையாது. சாத்திய அறைக்குள் வைத்தாலும் புகை அங்கேயே நிற்காது.

இதை எழுதும்போதும் கரண்ட் இல்லை. மேலே அபி உரத்துப் படிக்கிறாள். பின்வளவில் மெஷின் காதைப் பிளக்கிறது.

பிளக்கட்டும்!