மூன்றாம் முறை வந்த முதல் பகுதி

என் கணவருக்குச் சர்க்கரை கூடிவிட்டதென்று டாக்டர் சொன்ன பிறகுதான் ஸ்கொட்லாந்து நடனம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார்கள். இவர் நடக்கப் போன வழியில், லண்டன் மோர்டனில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் சிலர் வரிசையாக நின்று ஆடுவதைக் கண்டு உள்ளே போய்விட்டார். அதன்பின் கிழமை தவறாமல் போனார். ஒருநாள் வியர்த்து விறுவிறுத்து வந்து சொன்னார்:

"என்ர மனுசி வயலின் வாசிப்பா எண்டு சொல்லிப்போட்டன். உம்மையும் வரட்டாம்."

"உங்களுக்கென்ன விசரா? எனக்குப் பூசைப் பாட்டுக்கு வாசிக்கத்தான் தெரியும்."

"அதுவும் வயலின்தானே?"

போனேன். அக்கார்டியன் வாசிப்பவர்தான் தலைவர். எழுபது வயது தாண்டிய ஸ்கொட்லாந்துக்காரர், ஓய்வுபெற்ற பல் டாக்டர், மனைவியை இழந்தவர். ஒரு பெண்மணி பியானோ வாசித்தார். இருவருக்கும் நடுவே எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள்.

அந்த மெட்டுகளின் சுரங்கள் எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பயமுறுத்தியது அவற்றின் கட்டுத்தான். எல்லா மெட்டும் ஒரே மாதிரி. முதல் பகுதி எட்டு பார். பார் என்பது நம் தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் மாதிரி. அதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். பிறகு இரண்டாம் பகுதி, பெரும்பாலும் மேலே ஏறிப் பேசுவது. அதுவும் எட்டு பார், அதுவும் இரண்டு முறை. அத்தோடு ஒரு சுற்று முடிகிறது. அந்தச் சுற்றுக்குள் முன்னால் நிற்கும் ஜோடி தன் ஆட்டத்தை முடித்து ஓரிடம் கீழே இறங்கிவிடும். நான்கு ஜோடிகளும் இரண்டு தடவை முன்னுக்கு வர வேண்டுமென்பதால் எட்டுச் சுற்று. ஒரே மெட்டு அலுக்காமல் இருக்க நடுவில் வேறு மெட்டுகளுக்குத் தாவி, கடைசிச் சுற்றுக்கு முதல் மெட்டுக்கே திரும்புவோம். அது காதில் விழுந்தால் முடியப்போகிறதென்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும்.

சிறுவயதில் நான் பழகியது கர்நாடக சங்கீதம். அங்கே பாடுகிறவர் ஒரு வரியை மனம் நிறையும்வரை திரும்பத் திரும்பப் பாடலாம். பக்கத்தில் வயலின் பிடித்திருப்பவள் அவர் போகும் இடமெல்லாம் கூடவே போவாள். இங்கே யாருடைய மனம் நிறைவதும் கணக்கில்லை. ஒரு பகுதியை ஒருமுறை கூட்டினாலோ குறைத்தாலோ மண்டபம் முழுக்க ஆட்கள் ஒருவரோடொருவர் முட்டிக்கொள்வார்கள்.

"பிழையான சுரத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள்," என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்லித் தந்தார் தலைவர். "இடம் தவறினால் என்னைப் பாருங்கள், நான் எங்கே இருக்கிறேனோ அங்கே வந்து சேருங்கள். எது நடந்தாலும் நிறுத்த மட்டும் வேண்டாம்."

அவர் ஒருநாளும் இடம் தவறியதில்லை. வாசித்துக்கொண்டே ஆடுகிறவர்களைப் பார்த்துக் கண்சிமிட்டுவார். ஆனாலும் மெட்டு மாற வேண்டிய இடத்தில் அவருடைய கால் தானாக உயரும். அந்தக் காலைப் பார்த்தபடியே நான் அந்த வருடத்தை ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை, பின்னேரத் தேநீரோடு பெரிய நடனம் வைத்திருந்தார்கள். வேறு ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பியானோ பெண்மணியின் மகளுக்குக் காலையில் பிரசவ வலி எடுத்துவிட்டதால் அவர் வரவில்லை. தலைவரும் நானும் மட்டும். மேடையில் உட்கார்ந்தபோது என் விரல்கள் ஐஸ் போலிருந்தன.

"ஏலாமலிருக்கு," என்று மேடைக்குக் கீழே நின்ற கணவரிடம் சொன்னேன்.

"ஏலும். என்னைப் பாராதையும், அவரைப் பாரும்," என்றுவிட்டு அவர் தன் வரிசைக்குப் போனார்.

முதல் இரண்டு நடனங்கள் ஒழுங்காகவே போயின. மூன்றாவது, ரீல் என்னும் வேகமான நடனம். முதற்சுற்று முடிந்தது. அடுத்த சுற்றின் முதல் பகுதியை இரண்டு முறை வாசித்துவிட்டு, மேலே ஏறுவதற்காக என் வில்லை மெல்லிய தந்திக்குக் கொண்டுபோனேன். அவர் ஏறவில்லை. மறுபடியும் முதல் பகுதியின் தொடக்கத்திலேயே இருந்தார்.

நான்தான் பிழைவிட்டுவிட்டேன், ஒருமுறையைத்தான் இரண்டென்று நினைத்துவிட்டேன் என்று பதறி அவரோடு போய்ச் சேர்ந்தேன். ஆனால் கீழே பார்த்தால், நடுவில் கைகோத்துச் சுழல வேண்டியவர்கள் நீட்டிய கைகளோடு தயங்கி நின்றார்கள். அவர்கள் கணக்கும் என் கணக்கும் ஒன்றுதான். அந்தப் பகுதி முடிந்தது. இப்போதாவது ஏறுவார் என்று பார்த்தேன். நான்காம் முறையாக அதே முதல் பகுதி வந்தது.

அப்போதுதான் சத்தம் மெலிந்துபோயிருப்பது எனக்கு உறைத்தது. அக்கார்டியனில் வலக்கை மெட்டை வாசிக்கும். இடக்கை அடித்தாளத்துக்குரிய பொத்தான்களை அழுத்தியபடி துருத்தியையும் இழுக்கும். அந்த அடித்தாளத்தைக் காணவில்லை. துருத்தி சரியாக விரியவுமில்லை. வலக்கை மட்டும் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒரு கலக்கமுமில்லை. எல்லாம் சரியாக நடக்கிறதென்பதுபோல் நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அமைதியைப் போல என்னைப் பயமுறுத்திய ஒன்றை நான் கண்டதில்லை.

நான் நிறுத்தினேன். வில்லை மடியில் வைத்துவிட்டேன். மண்டபம் முழுவதும் எங்களைப் பார்த்தது.

"ஏன் நிறுத்தினீர்கள்?" என்றார் எரிச்சலோடு. சொற்கள் குழைந்து வந்தன.

"உங்கள் இடக்கை..."

"என் கைக்கு ஒன்றுமில்லை. வாசியுங்கள்."

ஒரு கணம் அவரை நம்பிவிட்டேன். அவர் சொல்லி நான் கேட்காமல் இருந்ததில்லை. அதற்குள் கணவர் மேடைக்கு ஏறிவிட்டார்.

"இஞ்சரும், அவற்ற வாயைப் பாரும்!"

இடப்பக்கம் உதடு கீழே இழுபட்டிருந்தது.

"ரெண்டு கையையும் தூக்குங்கோ!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். தமிழில் வந்துவிட்டது. அவர் விழித்தார். ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னேன். வலக்கை மட்டும் உயர்ந்தது. இரண்டையும் தூக்கிவிட்டேனே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

யாரோ ஆம்புலன்சுக்குப் போன் அடித்தார்கள். அக்கார்டியன் அவருடைய இரண்டு தோள்களிலும் வாரால் மாட்டியிருந்தது. அவர் சாயாமல் கணவர் தாங்கிப் பிடிக்க, நான் வார்களைக் கழற்றினேன். பெட்டியைத் தூக்கும்போது துருத்தி தானாக மூடி நீளமாக ஒரு முனகல் எழுந்தது. எங்கள் பின்னால் ஒரு பெண் அழத் தொடங்கினாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவருடைய இடக்கையை நான் பிடித்திருந்தேன். சூடாகத்தான் இருந்தது. நான் பிடித்திருப்பது அவருக்குத் தெரியவில்லை.

மூளைக்குப் போகும் இரத்தக்குழாயில் அடைப்பு. நேரத்தோடு கொண்டுவந்ததால் உயிர் தப்பியது என்றார்கள். சில நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பேச்சு தெளிந்திருந்தது, இடக்கை போர்வைமேல் அப்படியே கிடந்தது.

"முதல் பகுதியை எத்தனை முறை வாசித்தேன்?" என்று கேட்டார்.

"நான்கு."

கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு இரண்டாம் பகுதிக்குப் போனது நினைவிருக்கிறது," என்றார். "நன்றாக வாசித்தேன்."

அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. உள்ளே ஒருவருக்கு மெட்டு ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்க, வெளியே கேட்பது வேறாக இருக்கலாம். வீட்டில் இவர் ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் போதும், கையிலுள்ளதை வைத்துவிட்டு அவரையே பார்க்கிறேன்.

"என்னப்பா பாக்கிறீர்? தேத்தண்ணி குடிச்சனீரோ எண்டுதானே கேட்டனான்?"

"முதலும் கேட்டனீங்கள்."

"அப்ப நீர் ஏன் மறுமொழி சொல்லேல்லை?"

அது உண்மைதான். ஆனாலும் அவர் முகத்தின் இரண்டு பக்கமும் ஒன்றாக அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பதில் சொல்கிறேன்.

மண்டபத்தில் இப்போது பியானோ பெண்மணியும் நானும் வாசிக்கிறோம். மெட்டு மாறும் இடத்தில் காலை உயர்த்த வேண்டியவள் நான். முதல் நாள் கழிப்பறையில் வாந்தி எடுத்துவிட்டுத்தான் மேடையேறினேன்.

டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய நடனத்துக்குத் தலைவர் ஊன்றுகோலோடு வந்தார். கதவோரம் உட்கார்ந்து ஒரு ஜிக் நடன மெட்டு முழுவதையும் கேட்டார். நான் இடம் தவறவில்லை. முடிந்ததும் கைதட்டல் கேட்டது. அவரால் தட்ட முடியாது. வலக்கையால் தன் முழங்காலில் தட்டினார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, கேக் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று கேட்டார்.