பின்வேலி நாயின் கிருமி

கலியாணம் முடித்து மாமியின் வீட்டில் குடியிருந்த காலம். எங்கள் பக்கத்தில் மாமி மருமகனோடு நேரே கதைக்க மாட்டார். திரைக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். சூடு மட்டும் எனக்கு விழும்.

"புள்ள, உன்ட புருஷன்ட கைய ஏழு தரம் கழுவச் சொல்லு. ஒரு தரம் மண் போட்டு. நாய்ர பின்பக்கத்தத் துடைச்ச கை!"

நாயின் ஈரம் பட்டால் முஸ்லிம்களான எங்களுக்கு அதுதான் முறை. நாயைத் துடைத்ததும் பொய்யில்லை. கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஒருவர் எங்கள் ஆசுபத்திரியில் தங்கி, நாய்களின் குடலில் இருக்கும் கிருமிகளை வகை பிரித்துக்கொண்டிருந்தார். பஞ்சுக்குச்சியோடு நாய்களுக்குப் பின்னால் அலைவது என் வேலை. எந்த நாயைக் காட்டிக் கேட்டாலும் "எங்கட இல்ல" என்பார்கள். கல்முனையில் நாய்க்குச் சொந்தக்காரனே கிடையாது! ஆனால் எங்கள் பின்வேலியில் ஒன்று கொழுத்துக் கிடந்தது. அடுத்த வீட்டுக்காரன் ஒளித்துச் சோறு வைக்கிறான் என்று எனக்குச் சந்தேகம்.

அந்த நேரம் பார்த்து என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல், வயிற்றோட்டம். பிள்ளை துவண்டுபோனாள்.

"நாய்ர கிருமியக் கொண்டந்திட்டார். ஒண்டில் வேலைய விடச் சொல்லு, இல்லாட்டி அவர்ர உம்மாட வீட்டுக்குப் போகச் சொல்லு."

ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. பயமும் வந்தது. கழுவிய கையையே மோந்து மோந்து பார்த்தேன். மகளின் மலத்தைக் கொண்டுபோய் டொக்டரிடம் கொடுத்தேன். அதுவரை தொடாத பின்வேலி நாயையும் அன்றுதான் பிடித்தேன்.

டொக்டர் கண்ணாடித் துண்டில் கிருமியை வைத்து, வகை காட்டும் சீரம் என்ற திரவத்தைச் சொட்டினார். வகை பொருந்தினால் பால் திரைவதுபோல் திரையும். அத்தனை நாய்களிலும் மகளின் வகையோடு பொருந்தியது ஒன்றுதான்: பின்வேலி நாய்.

"ஆரிட்ட இருந்து ஆருக்குப் போனது, டொக்டர்?"

"அதை இது சொல்லாது" என்றார்.

மகள் மருந்தில் தேறி வந்தாள். நான் விடுவேனா? திரைக்குக் கேட்கும்படி மனைவியிடம் சத்தமாகச் சொன்னேன்: "புள்ளைக்கும் பின்வேலி நாய்க்கும் ஒரே கிருமி. புள்ள விழுந்த பிறகுதான் நான் அதத் தொட்டன். அப்ப அதுக்குச் சோறு வைக்கிற கை ஆர்ர கை எண்டு உம்மாட்ட கேளு."

அடுத்த வீட்டுக்காரனை நினைத்துத்தான் சொன்னேன்.

திரை விலகியது. முதல் தடவையாக மாமி என் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். கண் கலங்கியிருந்தது.

"மருமகன், புள்ளைர மருந்துல கொஞ்சம் மிச்சங் கிடக்கு. நான் வைக்கிற சோத்த அது இப்ப தின்னுதில்ல. அந்த வாயில்லாச் சீவனுக்கும் குடுக்கலாமா?"