தன் பங்குக்கு ஒரு மாத்திரை

எங்கள் அத்தான், அதாவது அக்கா புருஷன், நூல் மில்லில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடுகிறவர். "எண்ணெய்க்காரர்" என்று சொன்னால்தான் தெருவில் நாலு பேருக்குத் தெரியும். தங்கமான மனுஷன், ஆனால் எதிலும் கை தாராளம். வீட்டுக் கதவின் கீல்களிலிருந்து எண்ணெய் வழிந்து தரையில் சொட்டும். அக்காவின் தையல் மெஷினில் எதைத் தைத்தாலும் கறையோடுதான் வெளியே வரும். கேட்டால், "கொஞ்சம் கூடப் போனா என்ன கெட்டுப்போச்சு?" என்பார். அந்த வாயை அப்போதே அடைத்திருக்க வேண்டும்.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து போகிற ஆள், "எல்லா பேரிங்குக்கும் விட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போவான். வருகிற ஆள் தலையாட்டுவான், ஆனால் நம்பமாட்டான். கேனை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து மறுபடி ஆரம்பிப்பான். அச்சைத் தாங்குகிற பேரிங் எண்ணெய் இல்லாமல் எரிந்துபோனால் அங்கே நிற்கிறவனைத்தானே கேட்பார்கள்? கூடினால் வழியும், துடைத்துவிடலாம். குறைந்தால் வேலைக்கே உலை வைத்துவிடும். அத்தானுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம்.

அவருக்கு ஒரே மகள். பதினைந்து வயசு, சரியான வாயாடி. சைக்கிளிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக் கடைக்காரர் அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

"இது சாதா மாத்திரை இல்லம்மா. ரெண்டு மருந்து ஒண்ணாச் சேர்ந்தது. ஒண்ணு நாம காய்ச்சலுக்குப் போடுறதுதான், அதனால தனியாக் காய்ச்சல் மாத்திரை குடுத்துடாதீங்க, ஈரலுக்கு ஆகாது. இன்னொண்ணு ரொம்ப வீரியமானது. கூடிப்போனா மூச்சையே அமுக்கிடும். தூக்கம் வர்ற சளி சிரப்பெல்லாம் கூடக் குடுக்கவே கூடாது. எழுப்பியும் எழுந்திருக்கலேன்னா, மூச்சு விட்டு விட்டு வந்தா, ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீங்க."

அக்கா அதை வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் அத்தானிடம் ஒப்பித்தாள். அவர் "சரி சரி" என்றார். இந்தச் "சரி சரி"யால் எத்தனை குடும்பம் நாசமாகியிருக்கிறதோ!

அந்த வாரம் அத்தானுக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் அவர் வீட்டுக்குள் நுழையும்போது அக்கா துணிக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "என்னங்க, மாத்திரை குடுத்துட்டேன். அடுத்தது மத்தியானத்துக்கு மேலதான், அதுவும் வலிச்சாத்தான்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அத்தான் தலையாட்டினார். உள்ளே போய்க் கையைக் கழுவினார், மாத்திரை அட்டையை எடுத்தார்.

"அப்பா, அம்மா குடுத்தாச்சு."

"உங்கம்மா குடுத்தது அவ பங்கு. இது என் பங்கு, போட்டுக்கோ."

அவள் சிரித்துக்கொண்டே விழுங்கினாளாம். கொஞ்ச நேரம் கழித்தும் முனகினாள் என்று இன்னொன்று கொடுத்தார். இருமினாள் என்று, அலமாரியில் கிடந்த சளி சிரப்பும் ஒரு மூடி ஊற்றினார். பாசம்தான், வேறென்ன! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மத்தியான மாத்திரையைத் தானே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று அக்கா சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் புறப்பட்டாள். நான்தான் என் வண்டியில் கூட்டிவந்தேன். வாசலில் அத்தான் காவல் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாதே மாப்ள. ஆபரேஷன் ஆனதுலேருந்து இன்னிக்குத்தான் பிள்ளை அசந்து தூங்குது. குறட்டை கேக்குது பாரு." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அவ என்னிக்குங்க குறட்டை விட்டா?" என்றாள் அக்கா. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உலுக்கினோம், கத்தினோம். கையைத் தூக்கி விட்டால் பொத்தென்று விழுந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒரு மூச்சு வந்தால் அடுத்தது வருமா என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அத்தான் சுவரோடு சுவராக நின்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரையின் வேகத்தை முறிக்கிற ஊசி போட்டு, மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். "என்னென்ன குடுத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். அத்தான் எதையும் மறைக்கவில்லை. "அவ ஒண்ணு குடுத்தா. நான் ரெண்டு. அப்புறம் சிரப்பு." டாக்டரம்மா திட்டவில்லை. "இன்னும் கொஞ்ச நேரம் தூங்கட்டும்னு விட்டிருந்தா..." என்று ஆரம்பித்தவர், அத்தான் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். திட்டியது நான்தான். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பிள்ளை பிழைத்தாள். ஈரலும் தப்பியது. வேறு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். "யாராவது ஒருத்தர் பொறுப்பெடுத்துக் குடுங்க. மத்தவங்க குடுக்கணும்னா அவங்களைக் கேட்டுட்டுக் குடுங்க" என்றார் டாக்டரம்மா. மிச்சமிருந்த பழைய மாத்திரைகளை அக்கா மருந்துக் கடையிலேயே திருப்பிக் கொடுத்தாள். புதியதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

ஒரு சாயங்காலம் அக்காவால் கடையிலிருந்து நேரத்துக்கு வர முடியவில்லை. போனில் கூப்பிட்டு, பெட்டிச் சாவி இருக்கிற இடத்தைச் சொல்லி, "நான் இன்னும் குடுக்கலைங்க. ஒண்ணே ஒண்ணு குடுத்துடுங்க" என்றாள். நானும் அங்கேதான் இருந்தேன். அத்தான் பெட்டியைத் திறந்து மாத்திரையை எடுத்தார். அக்காவுக்குத் திரும்ப ஒருமுறை போன் போட்டு, "ஒண்ணுதானே?" என்று கேட்டுக்கொண்டார். தண்ணீரோடு மகளிடம் போனார்.

அவள் போர்வையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"வலிக்குதா கண்ணு?"

"வலிக்கலப்பா."

"அம்மாதான் குடுக்கச் சொன்னா."

"நெஜமா வலிக்கலப்பா. அம்மா வரட்டும்."

அத்தான் மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்து, "நீ குடு மாப்ள" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் நீட்டியதும் அவள் சட்டென்று வாயைத் திறந்தாள். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, "ரொம்ப வலிச்சுது மாமா" என்று அழ ஆரம்பித்தாள்.

டம்ளரை வைக்கத் திரும்பினேன். அத்தான் எங்கேயும் போயிருக்கவில்லை, கதவோரமாகத்தான் நின்றுகொண்டிருந்தார்.