கற்பூரம் அணைக்காத வேதகிரி அண்ணன்

வேதகிரி அண்ணன் மதகடிக்கு வந்தால் முதலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். மதகுக்குப் பக்கத்தில் ஏழு கன்னிமார் கற்கள் இருக்கின்றன. நாங்கள் மஞ்சள் பூசி, பூ வைத்துக் கும்பிடுவோம். அவர் கும்பிட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்பார். கற்பூரத் தட்டு எல்லாரிடமும் சுற்றி வந்த பிறகுதான் தண்ணீரில் இறங்கி மதகைத் திறப்பார்.

"கும்புடாத சாமிக்கு இன்னாத்துக்கண்ணே செருப்ப கழட்டற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நீங்கள்லாம் கும்புடறீங்க இல்ல?" என்றார். அவ்வளவுதான் பதில்.

உத்திரமேரூருக்கு மேற்கே இரண்டு கல் தள்ளி எங்கள் ஊர். ஏரித் தண்ணீரை எந்த நிலத்துக்கு எவ்வளவு நேரம் என்று பிரித்து விடுகிறவரை நீர்கட்டி என்போம். அவருடைய அப்பா அந்த வேலையைப் பார்த்தார், அவருக்குப் பிறகு இவர். துணிப்பையில் ஒரு டைம்பீஸ் கடிகாரத்தை வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பார். முறைத் தண்ணீர் முடிகிற நேரத்துக்கு அதில் மணி அடிக்கும். அடித்துவிட்டால் கூடப்பிறந்தவன் நிலமாக இருந்தாலும் வாய்க்காலை அடைத்துவிடுவார். "உன் சாவு மணிடா அது" என்று திட்டினவர்கள் உண்டு. ஏமாற்றினார் என்று சொன்னவர்கள் இல்லை.

அவர் பிறவியிலேயே சாமி இல்லை என்றவர் அல்ல. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றியவர், காவடி எடுத்தவர். எழுபத்தொன்றாம் வருஷம் அவருடைய ஒரே மகள் பவளத்துக்கு அம்மை போட்டது. ஆறு வயசு. மாரியம்மாவே வீட்டுக்குள் வந்திருக்கிறாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகக் கூடாது என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். வேப்பிலை கொண்டுபோய் வைத்தவளும் நான்தான். ஒன்பதாம் நாள் பிள்ளை போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் கையில் விபூதி இல்லை. பெரியார் கட்சிக்காரர்கள் வந்து கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அதற்கும் போகவில்லை. "சாமி இல்லேன்னு நான் எப்ப சொன்னேன்? அன்னிக்கி கூப்ட்டேன், வர்ல. அத்தான் எனக்குத் தெரியும். மத்தது தெர்ல" என்பார். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் உத்திரமேரூர்ச் சந்துக் கடையில் விளக்கெண்ணெய் வாங்கி வருவார். அவர் சம்சாரம் சிட்டம்மாள் அக்கா விளக்கு ஏற்றுவதற்கு.

எண்பத்திரண்டில் மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் பாதிகூட நிரம்பவில்லை. வைக்கோல் வண்டி மேலிருந்து விழுந்து என் வீட்டுக்காரர் ராஜாராம் கால் முறிந்து, புத்தூர்க் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நிலத்தை நானே பார்த்தேன். கிச்சிலிச் சம்பா நெல் பால் பிடித்து நின்ற மார்கழி மாதம். இன்னும் மூன்று முறை தண்ணீர் பாய்ந்தால் வீட்டில் இருந்த இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் வருஷத்துச் சோறு. பாயாவிட்டால் அறுக்க வைக்கோல்கூடத் தேறாது.

ஒருநாள் காலையில் மண்வெட்டியோடு என் நிலத்துக்குப் போனேன். வரப்பில் பஞ்சாட்சரம் மாமா கத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன் அவர். எங்கள் நிலத்துக்கு மேல் நிலம் அவருடையது. நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். அவர் முறைத் தண்ணீர் பாதி என் நிலத்தில் நின்றது.

"வரப்ப வெட்டி என் தண்ணிய திருடிக்கினா பாருய்யா! கட்டனவன் படுத்துக்கினு கீறான், இவ மம்பட்டி தூக்கிக்கினு கெளம்பிட்டா! என் கண்ணால பாத்தேன்!"

எங்கள் ஊரில் தண்ணீர் திருடினதாக முடிவானால் அந்தப் போகம் முழுக்க அந்த நிலத்துக்கு முறை கிடையாது. மூன்று தண்ணீரும் போய்விடும்.

வேதகிரி அண்ணன் கீழ் வாய்க்காலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். "யாரும் வெட்டல. நண்டு வள. விடியக்கால வந்தேன், வளை வழியா தண்ணி எறங்கிக்கினு இருந்துச்சு. நாந்தான் மண்ணு வெச்சி அடைச்சேன். இத பாரு, ஈர மண்ணு."

"மம்பட்டில வெட்டிட்டு அடைச்சாலும் ஈர மண்ணுதான்டா இருக்கும்!"

ஊர்ப் பெரியவர் முத்துவேல் நாயக்கர் வந்தார். இரண்டு பக்கத்தையும் கேட்டார். "நாளைக்கிக் காலைல மதகாண்ட வாங்க. கன்னியம்மா முன்னால கற்பூரத்த அணைச்சி சொல்லுங்க. கேட்டுக்கறோம்" என்றார்.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்ன வார்த்தைக்கு எங்கள் ஊரில் மேல் வார்த்தை கிடையாது. பொய்யாக அணைத்தால் குடும்பம் விளங்காது.

"சொல்றேன் நாய்க்கரே. கற்பூரம் மட்டும் வோணாம்" என்றார் அண்ணன்.

"அப்ப உன் சாட்சி செல்லாதுபா."

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். சிட்டம்மாள் அக்கா விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் டைம்பீஸுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உனக்குத்தான் நம்பிக்க இல்லியே. உனுக்கு அது வெறும் கற்பூரம். ஒரு தட்டு தட்டிட்டுப் போயேன். உனுக்கின்னா கொறஞ்சி பூடும்?"

"அதுக்குத்தான் கோயிந்தம்மா கூடாது. எனுக்கு பயம் இல்லாத ஒண்ண, பயப்படற மாதிரி தட்டிக் காட்டணும். ஊரு நம்பும். அது நாடகம்மா. நெசம் சொல்றதுக்கு நாடகம் ஆடினா, அப்பால நெசத்துக்கு இன்னா மரியாத?"

"என் புள்ளைங்க சோறுண்ணே!" என்று அழுதுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. சிட்டம்மாள் அக்காதான் திட்டினாள். "யோவ், ஒரு வூட்டுப் பாவத்த கொட்டிக்கினு இன்னாய்யா வறட்டுப் புடிவாதம்? நாளைக்கி அந்தப் பொண்ணு வயலு காஞ்சா நீயா ஒலை வெப்ப?"

"வெப்பேன். வெக்க வேண்டியிருந்தா வெப்பேன்" என்றார்.

திரும்பும் வழியில் கன்னிமார் கற்களுக்கு முன்னால் நின்றேன். கோபம் கோபமாக வந்தது. அண்ணன் மேலா, அம்மன் மேலா என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து கும்பிடுகிறேன். அன்றுதான் முதல் தடவையாக என் நெஞ்சுக்குள், நீ இருக்கிறாயா என்று ஒரு கேள்வி எழுந்தது. பயந்துபோய் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

காலையில் மதகடியில் ஊரே இருந்தது. நாற்று நடுகிற கங்கம்மாளும் அவள் கூட்டாளிப் பெண்களும்கூடக் கரையில் நின்றார்கள். தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். தோளிலிருந்த பையை எடுத்து நாயக்கர் காலடியில் வைத்தார். உள்ளே டைம்பீஸ் டிக் டிக் என்றது.

"நான் பாத்தது நண்டு வள. கோயிந்தம்மா வெட்டல. நான் சொன்னது பொய்யின்னு என்னிக்கித் தெரிஞ்சாலும் இந்தக் கெடியாரத்த எடுத்துக்குங்க. மதகு பக்கம் கால் வெக்க மாட்டேன். எனுக்கு சத்தியம் பண்ண இதுதான் கீது."

நாயக்கர் தாடையைச் சொறிந்தார். "வேதகிரி, நீ பொய் சொல்ற ஆளு இல்லபா. ஆனா வழக்கம்னு ஒண்ணு கீதே." பிறகு பஞ்சாட்சரம் மாமாவைப் பார்த்தார். "நீ வா. கண்ணால பாத்தேன்னியே. நீ அணைச்சிட்டா முடிஞ்சிபோச்சி."

மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கன்னிமாரைக் கும்பிட்டார். கையை ஓங்கினார். ஓங்கின கை அப்படியே நின்றது. கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. அவர் கை நடுங்குவது கரையிலிருந்தே தெரிந்தது.

கங்கம்மாள் சத்தமாகவே சொன்னாள்: "இன்னாடி இது கூத்து! சாமி தெர்லன்றவரு கையி நேரா கீது, சாமி கீதுன்றவரு கையி ஆடுது!"

"கீதுன்னுதானே ஆடுது!" என்று மாமா அவள்மேல் சீறினார். சீறின வேகத்திலேயே கை கீழே இறங்கியது. குரலும் இறங்கியது. "வெட்னத பாக்கல நாய்க்கரே. மம்பட்டியோட வந்தத பாத்தேன். தண்ணியும் அங்க நிக்குது. வேற யாரு இருப்பான்னு ஆத்தரத்துல சொல்லிட்டேன். எனுக்கும் புள்ள குட்டி கீது. கன்னியம்மா கிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

கற்பூரம் தானாகவே எரிந்து அடங்கியது. யாரும் அணைக்கவில்லை.

நாயக்கர் குனிந்து பையை எடுத்து அண்ணன் தோளில் மாட்டினார். "போபா. இன்னிக்கி யாரு மொற?"

"மத்தியானத்துக்கு மேல ராஜாராம் நெலத்துக்கு" என்றார் அண்ணன். "ஆனா பஞ்சாச்சரம் தண்ணி அங்க பாதி போயிருக்கு. அந்த நேரத்த கழிச்சிக்கினுதான் வுடுவேன், கோயிந்தம்மா. கோச்சிக்காத."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "வுட்றா. என் தண்ணிய யாரு யாரு வயலோ குடிச்சிருக்கு, என் தம்பி வயலும் குடிக்கட்டும்" என்றார். அண்ணன் விடவில்லை. அந்த நேரத்தைக் கழித்துக்கொண்டுதான் தண்ணீர் விட்டார்.

தை பிறந்தது. எட்டு மூட்டை நெல் கண்டோம். மற்ற வருஷம் பதினாறு காணும். ஆனாலும் அந்த எட்டு மூட்டையைப் போல எனக்கு எந்த நெல்லும் மினுங்கியதில்லை. புது நெல்லைக் குத்தி மதகடியில் பொங்கல் வைத்தேன். மாமா வீட்டுக்கும் ஒரு வாழையிலையில் கொடுத்தனுப்பினேன். அவர் கையை ஆட வைத்தவளும் அந்தக் கன்னிதானே! அன்று அவர் துணிந்து அணைத்திருந்தால் என் பயிரும் போயிருக்கும், அவர் மனசும் கெட்டிருக்கும்.

அண்ணன் வாய்க்காலில் பாசி எடுத்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்தார். இலையை வைத்தேன். "இது கன்னியம்மாக்குப் படைச்சது. சாப்டுவியா?"

"பொங்கல் மேல எனுக்கு சந்தேகமே கெடையாது" என்று பிசைந்தார்.

யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. "அண்ணே, அன்னிக்கி உன் வூட்லேந்து வரும்போது ஒரு தப்பு பண்ணிட்டேன். நீ கீறியான்னு கன்னியம்மாவ கேட்டுட்டேன். மனசு அடிச்சிக்கினே கீது."

அவர் வாயில் வைத்த கவளத்தை மென்று விழுங்கினார். கன்னிமார் கற்களைப் பார்த்தார். அவற்றின் மேல் ஒரு வேப்பஞ்சருகுகூட இல்லை. மதகை அடைத்துக்கொள்ளும் என்று சொல்லி நாள்தோறும் அந்த இடத்தைக் கூட்டுகிறவர் அவர்தான்.

"ஒரு தபா கேட்டதுக்கா பயப்படற?" என்றார். "நான் பதினோரு வருசமா கேட்டுக்கினு கீறேன். தெனம் இந்த வழியா போறப்ப கேக்கறேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அதுவும் கோச்சிக்கல, நானும் வுடல."

பவளத்துக்கு வேப்பிலை கொண்டுபோன என் கை ஞாபகம் வந்தது. அதற்கு ஒரு நாளும் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்கும் கன்னிமாருக்கு விளக்கு வைக்கும்போது, என் பிள்ளைகள் பேரைச் சொன்ன பிறகு பவளத்தின் பேரைச் சொல்கிறேன். பிறகு அண்ணன் பேரையும் சொல்கிறேன். அவருக்கு அது தெரியும். வேண்டாம் என்று சொன்னதில்லை.

அன்று இலை காலியாகியிருந்தது. பானையைச் சாய்த்து இன்னொரு கரண்டி வைத்தேன்.

"போதும், போதும்" என்றார். இலையை மட்டும் மடிக்கவில்லை.