மாடுகளுக்குக் காட்டிய பேட்டை

விக்கிரவாண்டியைத் தாண்டித் திண்டிவனம் போகிற வழியில், ரோட்டுக்கு இடப்பக்கம் ஒரு புளியந்தோப்பு இருந்தது. அதைத்தான் வண்டிக்காரர்கள் பேட்டை என்றார்கள். பேர்தான் பேட்டை. சுவர் கிடையாது, கூரை கிடையாது, குடிக்கக் கிணறு கிடையாது. மரங்களுக்கு நடுவே கொஞ்சம் தரை, ஓரத்தில் ஒரு குட்டை, கரி பிடித்த அடுப்புக் கற்கள், அவ்வளவுதான். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பேர். மல்லாட்டை மூட்டை ஏற்றிவரும் வண்டிகள் பொழுது சாயும்போது அங்கே மாட்டை அவிழ்த்துவிட்டு, பொங்கித் தின்று படுத்து, விடிந்ததும் பூட்டிக்கொண்டு போகும்.

அந்தத் தோப்பைப் பற்றி யாராவது உருகிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆண்களுக்கு அது சொர்க்கமாக இருந்திருக்கலாம். குட்டையில் குளிப்பார்கள், நினைத்த மரத்தடியில் ஒதுங்குவார்கள். நான் கல்யாணமான வருஷத்திலிருந்தே என் வீட்டுக்காரரோடு வண்டியில் போனவள். எங்கள் வீடு முகையூர்ப் பக்கம். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எங்களுக்குப் பிள்ளையும் பிறக்கவில்லை. இரண்டு நாள் பயணத்தில் மூட்டைக்குக் காவலாக ஒருத்தர் வேண்டும். அந்த ஒருத்தர் நான்தான். அத்தனை வண்டிகளுக்கு நடுவே பெண் என்று பெரும்பாலும் நான் மட்டும் இருப்பேன். மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவேன். வெளிச்சம் இருந்தால் ஆள் பயம், இருட்டினால் பாம்பு பயம். ஒதுங்கப் போகும்போதெல்லாம் கையில் ஒரு கழியோடு போய், முள்ளுச்செடியைத் தட்டித் தட்டி உட்காருவேன். எனக்கு வேண்டியது ஒரு கதவு. தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு.

விழுப்புரம் மண்டியில் எடை சரியில்லை என்பது அவர் கட்சி. அதனால் திண்டிவனம்தான். கோழி கூப்பிடச் சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் பொழுது சாயும்போது தோப்பு. பாதி வழி அவர் தூங்கிக்கொண்டே வருவார். எல்லா வண்டிக்காரர்களும் அப்படித்தான். அதற்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புது ஜோடி மாடு வாங்கினால் முதலில் அதற்குப் பேட்டை காட்டுவார்கள். ஊறவைத்த மல்லாட்டைப் புண்ணாக்கை வழியில் எங்கேயும் கொடுக்கமாட்டார்கள், வீட்டிலும் கொடுக்கமாட்டார்கள். பேட்டையில் அவிழ்த்த பிறகுதான் வாளி கீழே இறங்கும். நாலைந்து பயணம் போனால் போதும். அப்புறம் வண்டிக்காரன் குறட்டை விட்டாலும் மாடு அந்த இடம் வந்ததும் தானாக இடப்பக்கம் திரும்பிவிடும். எங்கள் ஜோடிக்கு அவர் மூன்றே பயணத்தில் கற்றுக் கொடுத்தார். அந்தப் பெருமையை ஊரில் கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வார்.

ஒரு வருஷம் போனபோது மரங்களில் பட்டையைச் சீவி வெள்ளை மையில் எண் எழுதியிருந்தார்கள். ரோட்டை உயர்த்தப் போகிறார்களாம், மண்ணும் சரளையும் இங்கேதான் எடுப்பார்களாம். கொஞ்ச தூரம் தள்ளிச் சுவர், குழாய், விளக்கு, கக்கூஸ் எல்லாம் வைத்துப் புதுப் பேட்டை கட்டுவார்களாம். எல்லாரும் கூடிக் கூடிப் பேசினார்கள். எனக்கு மட்டும் உள்ளூர ஒரே குஷி.

"சொவுரு கட்டிட்டா அதுக்குப் பேரு ஜெயிலு," என்றார் அவர்.

"கக்கூஸ் கட்டிக் குடுத்தா நான் அந்த ஜெயில்லயே குடும்பம் நடத்துவேன்," என்றேன்.

சிரித்தார். ஆனால் எண் எழுதிய மரங்களுக்கு அடியில் அன்று மாடுகள் சரியாகப் படுக்கவில்லை. எழுந்து எழுந்து நின்றன. ஏதோ சரியில்லை என்று எனக்கும் பட்டது.

அடுத்த அறுவடைக்குள் மரங்கள் போய்விட்டன. ஒன்றுகூட மிச்சமில்லை. தோப்பு இருந்த இடத்தில் ஒரு பள்ளம். ஒவ்வொரு பயணத்திலும் பள்ளம் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் குட்டைப் பக்கம் இருந்தது, பிறகு அடுப்புக் கற்கள் கிடந்த இடத்தை விழுங்கியது, பிறகு வண்டிகள் உள்ளே இறங்கும் தடத்தை நெருங்கியது. வேலி என்று ஒரு முள் கூட வைக்கவில்லை. கார்த்திகை மழைக்குப் பின் அதில் செந்தண்ணீர் நின்றது. ஆழம் யாருக்கும் தெரியாது.

மாடுகளுக்கு இதெல்லாம் யார் சொல்வது? அந்த இடம் வந்ததும் இரண்டும் இடப்பக்கம் தலையைத் திருப்பும். அவர் கயிற்றை இழுத்து, வாலைத் திருகி, திட்டி, நேரே ஓட்டவேண்டும். முதல் தடவை அதைப் பார்த்த அன்றே சொன்னேன்.

"ஏங்க, இதுங்களுக்குப் புதுப் பேட்டையக் காட்டிடுங்க. இல்லாங்காட்டி என்னிக்காவது பேஜாரு ஆயிடும்."

"காட்டாமயா உடுவேன்? ரெண்டு தபா வாளிய வச்சா புரிஞ்சிக்கும்," என்றார்.

புதுப் பேட்டைக்குள் வண்டியை விட்டோம். சிமெண்டுத் தரை பளபளவென்று இருந்தது. குழாய் இருந்தது, தண்ணீர் வரவில்லை. கக்கூஸ் வரிசையாக இருந்தது, ஒவ்வொன்றிலும் பூட்டு தொங்கியது. அவர் புண்ணாக்கு வாளியை இறக்கியதும் காவல்காரர் ஓடிவந்தார்.

"யோவ், தரையில இதெல்லாம் கரைக்கக் கூடாதுய்யா. பெரிய ஆபீசருங்க வந்து பாக்கப் போறாங்க. வெளிய எடுத்துக்கினு போ."

"கக்கூஸ் எப்ப தொறப்பீங்க?" என்று கேட்டேன்.

"இன்னும் தொறப்பு விழா ஆவலைம்மா."

ஆகவே மாடுகள் அங்கே ஒருநாளும் வாய் வைக்கவில்லை. சுவருக்கு வெளியே, போகிற லாரிகளின் தூசியில் அவசரமாக நாலு வாய் தின்றன. அது அவற்றுக்குப் பேட்டையாகப் படவே இல்லை. அதன் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அந்த இடத்தைத் தாண்டும்வரை யாராவது ஒருத்தர் விழித்திருக்கவேண்டும். அந்த ஒருத்தரும் நான்தான். விக்கிரவாண்டி தாண்டினதும் நான் முன்னால் வந்து உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்வேன்.

அந்த மார்கழியில் அவர் முந்தின ராத்திரி முழுக்கக் கண் விழித்து மூட்டை கட்டியிருந்தார். வழியெல்லாம் தூக்கம். விக்கிரவாண்டி தாண்டினோம். வெயில் சாய்ந்து ரோடு மஞ்சளாகக் கிடந்தது. எங்கள் வண்டிக்குப் பின்னால் இரண்டு வண்டிகள், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வந்துகொண்டிருந்தன. விழுப்புரத்திலிருந்தே அடக்கிக்கொண்டு வந்தேன், இனி முடியாது என்று ஆகிவிட்டது. பேட்டைக்குப் போனாலும் பூட்டுதான். ரோட்டோரம் ஒரு காட்டாமணிப் புதர் தெரிந்தது. பள்ளம் இன்னும் வெகுதூரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவரைத் தட்டி எழுப்பினேன்.

"ஏங்க, நான் எறங்கிட்டு வர்றேன். கயித்தப் புடிங்க. முழிச்சிக்கினு இருங்க."

"உம். ஜல்தி வா," என்றார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், கயிற்றையும் வாங்கிக்கொண்டார்.

இறங்கினேன். வண்டி நடந்து போகிற வேகத்துக்கு ஓடிப் பிடித்துவிடலாம், எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன். புதருக்குப் பின்னால் இருக்கும்போது கழுத்து மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு சத்தம் மாறியது. மணி நிதானமில்லாமல் கலகலவென்று அடித்து, நின்றுபோனது.

வெளியே வந்தேன். ரோட்டில் வண்டி இல்லை.

அந்த ரோடு நேர் ரோடு. வண்டி மறைவதற்கு அங்கே ஒரு மரமும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மரம் இருந்தவரை அந்த இடம் எங்கள் கண்ணுக்குத் தெரியும், ஒரு கல் தூரத்திலிருந்தே தெரியும். மரம் போனபிறகு எல்லாம் ஒரே பொட்டல். எது பக்கம், எது தூரம் என்று எனக்குக் கணக்குத் தவறிவிட்டது. மாடுகளுக்கு மரம் தேவைப்படவில்லை.

ஓடினேன். பள்ளத்துச் சரிவில் வண்டி குடை சாய்ந்து, ஒரு சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பூட்டாங்கயிறு அறுந்து, மாடுகள் இரண்டும் நெஞ்சளவு தண்ணீரில் பதறாமல் நின்றன. என்னைப் பார்த்ததும் இரண்டும் ஒன்றாகத் தலையைத் தூக்கின. புண்ணாக்கு வாளியோடு நான் வரும்போது எப்படித் தூக்குமோ அப்படி. அவரைக் காணவில்லை. மூட்டைகள் மட்டும் தண்ணீருக்குள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

பின்னால் வந்த வண்டிக்காரர்கள்தான் குதித்து மூட்டைகளைப் புரட்டினார்கள். எடுத்துக் கரையில் போட்டபோது அவரிடம் மூச்சு இல்லை. கயிறு கையிலேயே சுற்றியிருந்தது. தூங்கிப்போனாரா, இழுத்தும் மாடுகள் கேட்கவில்லையா, அது எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

நான் இறங்கியிருக்கக் கூடாது என்று ஊரில் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாரும் ஆண்கள். மாடுகளை விற்றுவிடு என்றும் சொன்னார்கள். அவற்றின் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. காட்டின இடத்துக்குத்தான் அவை போயிருந்தன. என் கோபமெல்லாம் ஒரு வேலி போடாதவர்கள் மேலும், பூட்டைத் தொங்கவிட்டவர்கள் மேலும்தான். அது இன்னும் ஆறவில்லை.

மிச்ச மல்லாட்டையை மாசியில் என் தம்பி அதே மாடுகளைப் பூட்டி ஏற்றிவந்தான். நானும் கூட வந்தேன். பள்ளத்தைத் தாண்டும்போது தம்பி இறங்கி மாடுகளின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாவு விழுந்த நாளிலிருந்து உறவுக்காரர்கள், பங்காளிகள், துக்கம் கேட்க வந்தவர்கள் என்று வீட்டில் எந்நேரமும் ஆள். நான் அழுகிறேனா, எவ்வளவு அழுகிறேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதனாலேயே எனக்கு அழுகை வரவில்லை.

புதுப் பேட்டையில் மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கியது. திறப்பு விழா ஆகியிருந்தது. கக்கூஸில் பூட்டு இல்லை. உள்ளே போனேன். தகரக் கதவு, உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் போட்டேன். அங்கேதான், கதவில் தலையை முட்டிக்கொண்டு, அவருக்காக வாய்விட்டு அழுதேன்.