இருநூற்றுப் பன்னிரண்டு கட்ட மௌனம்

ஒன்றுகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அரங்கில் ஆயிரத்து இருநூறு பேர் இருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டீர்களா என்று அவர்களில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். கேட்டேன் என்றுதான் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் சங்கீத அரங்கில் மேடை வேலை செய்கிறவன். நாற்காலி போடுவது, ஆளைவிட உயரமான பேஸ் வயலின்களைத் தூக்கி வைப்பது, முடிந்ததும் எல்லாவற்றையும் பூட்டுவது. அதற்கு முன்னால் அப்பாவோடு துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். அங்கே நாற்பது பேர் சேர்ந்து ஒரு இரும்புத் தூணை நகர்த்தும்போது ஒருத்தன் குரல் கொடுப்பான். குரல் அரை நொடி பிசகினால் எவனாவது ஒருத்தனுக்குக் கால் போகும்.

ஆர்கெஸ்ட்ராவை முதல் தடவை கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. எண்பத்து நான்கு பேர். அவர்கள் தூக்கியது வெறும் காற்றை. ஆனால் தூக்கினார்கள், நான் பார்த்தேன். கூரை வரைக்கும் போயிற்று. மனுஷன் கப்பல் கட்டினான், கிரேன் கட்டினான், எல்லாம் பாரம் சுமக்க. இது எந்தப் பாரத்தையும் சுமக்காது. அப்படியும் எண்பத்து நான்கு பேர் ஆயுசு முழுக்க விரல் தேயப் பழகி, ஒரே மூச்சாக உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்றால், மனுஷ ஜாதி செய்த உருப்படியான காரியங்களில் இது ஒன்று. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். பயத்தோடு நினைக்கிறேன்.

அந்த எண்பத்து நான்கு பேரில் ஒருவர் சிம்பல் அடிப்பவர். நம் ஊர்வலத்து ஜால்ராதான், சாப்பாட்டுத் தட்டைவிட இரண்டு மடங்கு பெரிசு. மேடை ஆட்கள் நாங்கள் அவரை 'ஜால்ரா அண்ணன்' என்போம். "இந்தக் கும்பல்லயே ஜால்ரா போடாத ஒரே ஆளு நான்தாண்டா" என்று சிரிப்பார். உண்மைதான்.

ஒரு சிம்பொனியில் அவருக்குக் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு அடி. சிம்பொனியை நாலு நாலு எண்ணிக்கையாகக் கட்டம் பிரித்து எழுதியிருப்பார்கள். அவருடைய தாளில் இருநூற்றுப் பன்னிரண்டு கட்டம் காலி. அத்தனையும் மனசுக்குள் எண்ணிவிட்டு, அடுத்த கட்டம் பிறக்கும்போது அடிக்க வேண்டும். எண்ணுவதற்கு ஒரு முறை உண்டு.

'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.'

'ரெண்டு, ரெண்டு, மூணு, நாலு.'

'மூணு, ரெண்டு, மூணு, நாலு.'

முதல் எண் கட்டத்தைச் சொல்லும். எனக்கு அவர்தான் சொல்லிக் கொடுத்தார். திரைக்குப் பின்னால் நின்று நானும் கூடவே எண்ணுவேன். ஒரு தடவைகூட இரண்டு பேருக்கும் பிசகியதில்லை.

போன வருஷக் கச்சேரியில் கண்டக்டருக்குப் பிசகியது. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை, குச்சியை ஆட்டி எல்லோரையும் நடத்துகிறவர். இருநூற்றுப் பதினொன்று முடிந்ததுமே குச்சியை அண்ணன் பக்கம் வீசினார். ஒரு கட்டம் முன்னால். ஊதுகிறவர்களில் பாதிப் பேர் அவரை நம்பிக் குதித்துவிட்டார்கள். அண்ணன் தன் கணக்கை நம்பினார். சரியான இடத்தில் அடித்தார். மற்றதெல்லாம் சரிந்து கிடக்க, அந்த ஒரு அடி மட்டும் தனியாகக் கேட்டது.

கச்சேரி முடிந்து பின்கட்டில் எல்லோர் முன்னாலும் கண்டக்டர் சொன்னார். "நாலு வரைக்கும் எண்ணத் தெரியாத ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

மற்றவர்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்தார். "தம்பி, நீயும்தானே எண்ணினே. சொல்லு."

அரங்கு மேனேஜரும் கண்டக்டரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"நான் கவனிக்கலைண்ணே" என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. அண்ணனை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது வாரம் செத்துப்போனார். இதயம் என்றார்கள்.

இந்த வருஷம் அதே சிம்பொனி. அதே கண்டக்டர். சிம்பலுக்குப் புதிதாக ஒரு பெண்.

வெள்ளிக்கிழமை காலை 9.40. ஒத்திகைக்கு முன்னால் நாற்காலி போட வந்தேன். முந்தின நாள் பெட்டிக்குள் வைத்து நான் பூட்டிய சிம்பல் ஜோடி அவளுடைய நாற்காலியில் இருந்தது. சாவி என் இடுப்பில். எடுத்துப் பார்த்தேன். கைப்பிடித் தோல் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது... அப்போதுதான் யாரோ பிடித்துவிட்டு வைத்தது போல.

பெட்டியில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

11.15. கடைசிப் பகுதி. திரைக்குப் பின்னால் நின்றேன். நான் எண்ணவில்லை. அண்ணன் போனதிலிருந்து எண்ணுவதே இல்லை.

காதுக்குப் பக்கத்தில் யாரோ எண்ணினார்கள்.

'நாப்பத்தியொண்ணு, ரெண்டு, மூணு, நாலு...'

குரல் இல்லை, மூச்சு மட்டும். திரும்பினேன். சுவர்தான் இருந்தது.

இடைவேளையில் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பின்னாடி நின்னு எண்ணாதீங்க. எனக்குக் குழம்புது."

"நான் எண்ணலையே."

"உங்க பக்கமிருந்துதான் வருது."

"நான் எண்ணலைம்மா."

அவள் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

ஒத்திகை முடிந்து கண்டக்டர் என்னைக் கடந்து போனார். அந்த ஒரு வருஷத்தில் ரொம்ப மெலிந்திருந்தார். நின்றார். "உனக்கும் கேக்குதா?" என்றார்.

"எது சார்?"

"ஒண்ணுமில்ல" என்று போனார். அவருடைய இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தது. ஆர்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்... காதில் பஞ்சு.

அன்று சாயங்காலம் 7.00 மணிக்குக் கச்சேரி தொடங்கியது. அரங்கு நிறைந்திருந்தது.

முதல் மூன்று பகுதிகளும் நன்றாகவே போயின. சொல்லப்போனால், அதுவரை நான் கேட்டதிலேயே அதுதான் நல்ல வாசிப்பு. செல்லோக்கள் அடியிலிருந்து தாங்க, வயலின்கள் மேலே ஏற, ஒருத்தர் சுமையை இன்னொருத்தர் வாங்கிக்கொண்டு... பயத்தை மறந்து கேட்டுக் கொண்டிருந்தேன்.

8.13. கடைசிப் பகுதி.

'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.'

காதுமடலில் சூடு பட்டது.

'ரெண்டு, ரெண்டு, மூணு, நாலு.'

நகர்ந்து நின்றேன். அதுவும் நகர்ந்தது. திரையை விட்டு நடைபாதைக்குப் போனேன். அங்கேயும் வந்தது. பேசாமல் திரும்பி வந்து நின்றேன்.

நூறு...

நூற்று ஐம்பது...

அந்தப் பெண் எழுந்தாள். சிம்பலைக் கையில் எடுத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. வாய் அசையவில்லை. அவளுக்கும் யாரோ எண்ணிக் கொண்டிருந்தார்கள்.

இருநூறு...

கண்டக்டரின் உதடுகள் அசைந்தன. நான் நின்ற இடத்திலிருந்து அவர் முகம் நன்றாகத் தெரியும். என் காதில் விழுந்த எண்தான் அவர் உதட்டில் ஓடியது.

'இருநூத்திப் பதினொண்ணு, ரெண்டு, மூணு, நாலு.'

குச்சி அந்தப் பெண் பக்கம் வீச்சாக எழும்பியது... பாதியில் நின்றது.

'இருநூத்திப் பன்னெண்டு...'

'ரெண்டு...'

'மூணு...'

நாலு வரவில்லை.

ஆர்கெஸ்ட்ரா நின்றது. எண்பத்து நான்கு பேரும். யாரும் சொல்லாமலே. வில்கள் அந்தரத்தில் நின்றன.

8.21.

இருமல்கூட இல்லை.

பிறகு...

'நாலு.'

ஜணார்.

அந்தப் பெண்ணின் கைகளைப் பார்த்தேன். இரண்டு தட்டுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அவள் அடிக்கவே இல்லை.

சத்தம் வந்தது கண்டக்டரின் தலைக்குப் பின்னாலிருந்து.

அவர் விழவில்லை. குச்சி மட்டும் விழுந்தது. இடது காதுப் பஞ்சு மெல்ல மெல்லச் சிவந்தது. முன்வரிசைக்காரர்கள் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவர் அந்தக் கைதட்டலுக்குள்ளேயே முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். சத்தமாக.

இப்போதும் எண்ணுகிறார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்த மேனேஜர் சொன்னார். இருநூற்றுப் பன்னிரண்டு முடிந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறாராம். மறுபடி ஒன்று, இரண்டு.

எனக்கு அடுத்த நாளும் கேட்டது. அதற்கடுத்த நாளும். சாப்பிடும்போது கேட்டது, படுத்தால் கேட்டது, விட்டுவிட்டு, நாளுக்கு ஏழெட்டுக் கட்டமாக. நான்காம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. அண்ணி கதவைப் பாதி திறந்து நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அண்ணன் எண்ணியது சரி. நானும் எண்ணினேன். தெரிந்தே பொய் சொன்னேன். அன்று பின்கட்டில் சொல்ல வேண்டியதை ஒரு வருஷம் கழித்து ஒரு கதவிடம் சொன்னேன்.

அண்ணி அழவில்லை. "தெரியும்" என்றார். "கண்டக்டரே வந்து சொல்லிட்டாரு."

"எப்ப அண்ணி? ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியா?"

"போன வருஷம். வேலையை விட்டு அனுப்பின ரெண்டாவது வாரம். இதோ, நீ நிக்கிற இடத்துலதான் நின்னாரு. காதுல யாரோ எண்ணிக்கிட்டே இருக்காங்க, நிறுத்தச் சொல்லுங்கன்னு அழுதாரு."

எனக்குக் கணக்கு இடித்தது. "ரெண்டாவது வாரம்னா... அண்ணன் அப்ப..."

"உயிரோடதான் இருந்தாரு. உள்ள கட்டில்ல சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாரு. சோறு தண்ணி கிடையாது. எண்ணிக்கிட்டே இருந்தாரு."

செத்தவன் ஆவி என்றால் ஏதாவது பரிகாரம் பண்ணலாம். உயிரோடு இருந்த மனுஷன் எண்ணியது அத்தனை தூரம் தாண்டிப் போய் இன்னொருத்தன் காதில் விழுந்திருக்கிறது...

"அப்ப, அண்ணன் போனப்புறம்..."

சொல்லி முடிக்கவில்லை. கதவைப் பிடித்திருந்த அண்ணியின் விரல் என் கண்ணில் பட்டது. ஆள்காட்டி விரல். பலகையில் மெதுவாகத் தட்டிக் கொண்டிருந்தது. நாலு நாலாக.

அதே நேரம் என் காதில்...

'முப்பத்திரெண்டு, ரெண்டு, மூணு, நாலு.'

ஒரு தட்டுக்கு ஒரு எண். பிசகவில்லை.

"அவரு விட்ட இடத்துலேருந்து நான் எடுத்துக்கிட்டேன்" என்றார் அண்ணி.

"அண்ணி, நான் புள்ள குட்டிக்காரன்."

"அதனாலதான் இவ்வளவு மெதுவா எண்ணுறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.