லேத் முன்னால் கண்ணாடி வளையல்

காலேஜுக்குப் போகிறாள் என்றால் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? மகளைச் சிங்காரித்து அனுப்புவார்கள். என் மரமண்டைக்கு அது தோன்றவே இல்லை. அந்தச் சனிக்கிழமை லிங்கராஜபுரத்துத் தமிழ்ப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள், பட்டுப்பாவாடையும் கனகாம்பரமும் கை நிறைய வளையலுமாக எங்கள் இன்ஜினியரிங் கல்லூரிப் பட்டறை வாசலில் வந்து இறங்கினார்கள். பையன்கள் வழக்கமான யூனிஃபார்மில் வந்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி அது. இன்ஜினியரிங் என்றால் என்னவென்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட, மெக்கானிக்கல் துறையின் ஒரே பெண் லெக்சரரான நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய நாள். பெண்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தால் அடுத்த வருஷம் பையன்கள் மட்டும்தான் என்று துறைத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். மதியத்துக்குள் வந்து பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார்.

பட்டறை இன்ஸ்ட்ரக்டர் கன்னடக்காரர், கறார் பேர்வழி. வளையலோடு ஒருத்தியும் மெஷின் பக்கம் வரக்கூடாது என்றார். அதில் தப்பே இல்லை. சுற்றுகிற லேத்தில் மாட்டினால் கையே போய்விடும். பெண்கள் வளையலைக் கழற்றி, பூவை எடுத்து, பாவாடைமேல் காக்கிக் கோட்டு மாட்டிக்கொண்டார்கள். ஆனால் லேத் உறுமியதும் அத்தனை பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். 

ஜீவனஹள்ளியிலிருந்து வந்த பெண் ஒருத்தி மட்டும் நகரவில்லை. தான் செய்கிறேன் என்றாள். பார்த்தால், அவள் வலது கையில்தான் வளையல் கழலவில்லை. முந்தின நாள் அவள் அக்காவுக்கு வளைகாப்பு. வளையல்காரர் இவள் கையையும் அமுக்கிப் பிடித்து இறுக்கமாகப் போட்டு அனுப்பியிருந்தார்.

குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்பைத் தேய்த்தேன். ஒவ்வொன்றாக வந்தன. கடைசி ஒன்று கட்டைவிரல் முட்டியில் சிக்கிக்கொண்டது. உள்ளேயிருந்து இன்ஸ்ட்ரக்டர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். உடைத்துவிடலாம் என்று என் வாய்வரை வந்துவிட்டது.

"ஒடைக்க மட்டும் வேணாம் மிஸ்," என்றாள். "அக்காவுக்கு மாசம் நெருங்கிடுச்சு."

அதற்குமேல் எப்படி உடைப்பது? பல்லைக் கடித்துக்கொள் என்று சொல்லி ஒரே இழுப்பாக இழுத்தேன். தோல் உரிந்தது. வளையல் முழுசாக வந்தது.

அவள் லேத் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினாள். பித்தளை சுருள் சுருளாக உதிர்ந்தது. அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் உள்ளே வந்தார். அவள் கையில் ரத்தத்தைப் பார்த்தவர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். பெண்களை மெஷினில் விட்டால் இப்படித்தான் ஆகும், அப்போதே சொன்னேனே என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். 

இன்ஸ்ட்ரக்டர் லேத்தை நிறுத்தினார். காயம் வளையலால், தன் மெஷினால் இல்லை என்று கன்னடத்தில் சொன்னார். இந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கவே இல்லை என்றும் சொன்னார். தலைவர் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் இருந்த பெண்கள் எப்போது வந்தார்களோ, அவள் பின்னால் வரிசை கட்டி நின்றார்கள்.

அவருக்குக் கோபம் மட்டும் இறங்கவில்லை.

"அடுத்த வருஷம் ஒருத்தியும் வளையலோட வரக்கூடாது. ஸ்கூலுக்கு இப்பவே சொல்லி வைங்க."

சரி சார் என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் திட்டு வாங்கியதில்லை.